பனையேறிக் கெண்டைக்கு ஆளும் தெரியும், வழியும் தெரியும்

நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்றை மூன்று அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். இடக்கோடியில் ஒரு மீன்கூட்டம், வலக்கோடியில் இன்னொரு கூட்டம், நடுவில் ஒற்றை மீன். இடப்பக்கம் இருப்பவை அந்த ஒற்றை மீனோடு பல நாள் ஒன்றாகக் கிடந்தவை. வலப்பக்கம் இருப்பவை அது முன்பின் கண்டிராதவை. இரண்டு பக்கமும் தலைக்கணக்குச் சமம். நடுவில் இருப்பது எந்தத் தடுப்பை ஒட்டி அதிக நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வர வேண்டும். மீன்களின் கூட்டுறவை ஆராய்கிறவர்கள் உலகெங்கும் செய்யும் சோதனை இதுதான். பெரிய கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும், மீன் மிரளாதபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கமும் போதும்.

திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாலக்குடை கிறைஸ்ட் கல்லூரியின் விலங்கியல் துறையில் வி. வி. பினோயும் கே. ஜான் தாமஸும் இந்த வகைக் கேள்வியைப் பனையேறிக் கெண்டையிடம் கேட்டார்கள். பதில் 2004ஆம் ஆண்டு ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. இரண்டு கூட்டமும் ஒரே அளவில் இருந்தால் மீன் பழகிய கூட்டத்தையே நாடுகிறது. பழகாத கூட்டம் பெரிதாக இருந்துவிட்டால் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு ஆள்பலம் உள்ள பக்கம் போய்விடுகிறது.

நன்றி கெட்ட மீன் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் மீனின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு நேராகத்தான் இருக்கிறது. கூட்டம் பெரிதானால் கொக்கோ விராலோ பாயும்போது தன்மேல் விழும் வாய்ப்பு குறைகிறது. எதிரியைப் பார்க்கும் கண்களும் கூடுகின்றன. பழகிய கூட்டத்தில் வேறொரு லாபம். யார் முரடு, யார் சாது, இரையில் யாரிடம் மோதக்கூடாது என்பதெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். சண்டையில் வீணாகும் நேரம் மிச்சம். இரண்டு லாபமும் ஒன்றுக்கொன்று எதிராக வந்து நிற்கும்போது எதை விடுவது? இரிஞ்ஞாலக்குடைத் தொட்டியில் நடந்தது அந்தத் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும் வேலை.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது தேர்வைவிட அதற்கு முந்தைய படி. பழகியவரையும் பழகாதவரையும் பிரித்துப் பார்க்க மீனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே இனம், ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே அளவு. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே மீன்தான். டிரினிடாட் தீவின் ஓடைகளில் கப்பி மீன்களை ஆராய்ந்த சையன் கிரிஃபித்ஸும் ஆன் மகரனும், ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் இந்தப் பழக்கம் உருவாக ஏறத்தாழ 12 நாள் ஆகிறது என்று 1997இல் காட்டினார்கள். கூட்டம் மிகப் பெரிதாகிவிட்டால் அந்த அடையாளம் மங்கிப்போகிறது என்றும் கண்டார்கள். ஊர் சிறிதாக இருக்கும்வரைதான் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பினோய் பின்னாளில் ராஜேஷ் கஸ்தூரிரங்கன், அனிந்திய சின்ஹா ஆகியோருடன் சேர்ந்து, பனையேறிக் கெண்டை தன் கூட்டாளிகளை எந்தப் புலன் வழியாகப் பழகிக்கொள்கிறது என்ற அடுத்த கேள்விக்குப் போனார். அந்தக் கட்டுரை 2015இல் ‘ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்’ இதழில் வந்தது.

ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வகங்களில் கப்பி, முள்முதுகு மீன், வரிக்குதிரை மீன் என்று சில இனங்கள்மேல் நூல்கள் குவிந்து கிடக்கின்றன. நம் ஊர்களில் ஆய்வு மாணவர்கள் அதே மீன்களைக் காசு கொடுத்து வரவழைத்து, அதே சோதனையைத் திரும்பச் செய்வதும் நடக்கிறது. பக்கத்து வயலில் கிடக்கும் மீனை எடுத்துத் தொட்டியில் விட்டு அதனிடம் புதிய கேள்வி கேட்டது, என் பார்வையில், இந்த ஆய்வின் முதல் சிறப்பு. இரிஞ்ஞாலக்குடை கோள் நிலங்கள் எனப்படும் சதுப்பு நெல்வயல்களுக்கு அருகில் இருக்கிறது. வாசலில் வயல், வயலில் மீன்.

அந்த வயலும் அந்த மீனும் தெற்கே நம் எல்லை வரைக்கும் நீண்டவை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் கோட்டுகால் என்ற ஊர். ஒருபுறம் விழிஞ்ஞம் கடல், மறுபுறம் நெசவுக்குப் பேர்போன பாலராமபுரம். சற்று வடக்கே வெள்ளாயணிக் காயல்; பேர்தான் காயல், உள்ளே நன்னீர். தெற்கே அகத்தியமலையில் பிறந்து வரும் நெய்யாறு பூவாறில் கடலில் சேர்கிறது. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அப்புறம் தமிழ்நாடு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தென்னந்தோப்புக்கும் வீட்டுப் புரையிடத்துக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் வயல்வெளிக்கு ஏலா என்றுதான் பெயர். ஏலாவின் நடுவே தோடு என்னும் சிற்றோடை ஓடும். ஓரத்தில் குளம் இருக்கும். தோட்டிலும் குளத்திலும் வயல் சேற்றிலும் ஒரே மீன் கிடக்கும். தமிழில் பனையேறிக் கெண்டை. மலையாளத்தில் கல்லேமுட்டி, கைதக்கோரா என்று ஊருக்கு ஒரு பெயர். அறிவியலில் அனபாஸ் டெஸ்டுடினியஸ். மாநிலமும் மொழியும் மாறும் இடத்தில் மீன் மாறுவதில்லை.

கரையோரத்தார் இதைப் பெரிதாக மதிப்பதில்லை. சாளையும் அயிலையும் நெத்தோலியும் கடலிலிருந்து நேரே வாசலுக்கு வரும் ஊரில், முள்ளும் செதிலுமாகக் கையைக் கிழிக்கும் வயல்மீனை யார் தேடுவார்கள்? ஒரு சாணுக்குள் அடங்கும் உடம்பு. பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். செவுள் மூடியின் ஓரம் முழுக்க அரம்போல் பல். கையில் எடுத்தவருக்கு அந்தப் பல் மறக்காது. மீனும் அதை வெறும் தற்காப்புக்காக வைத்துக்கொண்டிருக்கவில்லை.

இதன் தலையைத் திறந்து பார்த்தால் செவுளுக்கு மேலே இருபுறமும் ஓர் அறை தெரியும். முதல் செவுள் வளைவின் மேல்துண்டு அந்த அறைக்குள் வளர்ந்து, மெல்லிய எலும்புத் தகடுகளாக மடிந்து மடிந்து, முட்டைக்கோசைக் குறுக்கே வெட்டியதுபோல் நெருங்கி நிற்கும். தகடுகளின்மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த தோல். மீன் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு கீழே போகும். அந்தக் காற்று இந்த மடிப்புகளுக்குள் தங்கி உயிர்வளியைக் கொடுக்கும். இந்த உறுப்பு குஞ்சுப் பருவத்தில் எப்படி உருவாகிறது என்பதை பி. கே. தாஸ் 1927இலேயே லண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் விரிவாக எழுதிவிட்டார்.

வயல் தண்ணீரில் வாழ இது ஏன் வேண்டும் என்பது கணக்கில் தெரியும். நம் ஊர் வெப்பத்தில் நன்றாகக் காற்றாடிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளி சுமார் 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றில் அதைப்போல் முப்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. வைக்கோலும் இலையும் அழுகும் வயல் நீரில், அதுவும் விடியற்காலையில், அந்த 8 மில்லிகிராமும் கிடைக்காது. கெண்டையும் பரலும் மூச்சுமுட்டி மேலே மிதக்கும் நேரத்தில் பனையேறிக்கு அலுவல் வழக்கம்போல் நடக்கும்.

1970இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜி. எம். ஹியூஸும் பி. என். சிங்கும் இந்த மூச்சை அளந்தார்கள். தண்ணீரிலும் காற்றிலும் மாறி மாறி மூச்சுவிட வாய்ப்பிருக்கும்போது, மீனுக்குத் தேவையான உயிர்வளியில் ஏறத்தாழப் பாதி காற்றிலிருந்து வந்தது. ஆனால் கரியமில வாயு பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் கழிந்தது. வரவு மேலிருந்து, செலவு கீழே. பகல்பூர்ப் பல்கலைக்கழகத்தில் ஜே. எஸ். தத்த முன்ஷியும் அவருடைய மாணவர்களும் இந்த மீனையும் விரால், தேளி, கெளுத்தி வகைகளையும் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். ஹியூஸும் முன்ஷியும் சேர்ந்து இந்தியாவின் காற்றுமூச்சு மீன்களைப் பற்றி 1992இல் தனி நூலே எழுதினார்கள். அவர்கள் அளந்ததில் ஒரு நுட்பம் உண்டு: காற்றை நம்பும் மீன்களுக்குச் செவுளின் பரப்பு சுருங்கியிருக்கிறது. செவுள் பெரிதாக இருந்தால், மேலே கஷ்டப்பட்டு வாங்கிய உயிர்வளி உயிர்வளியற்ற தண்ணீரில் செவுள் வழியாகவே ஒழுகிப்போய்விடும். சுருங்கிய செவுளுக்கு மீன் கொடுக்கும் விலை என்னவென்றால், உயிர்வளி குறைந்த தண்ணீரில் அதை மேலே வரவிடாமல் வலையால் தடுத்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிச் சாகக்கூடிய மீன்.

மூச்சுக்கும் கூட்டுறவுக்கும் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மேலே வருவது ஆபத்தான வேலை. கொக்கும் மீன்கொத்தியும் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்காகத்தான். காற்றுமூச்சு மீன்கள் பலவற்றைக் கவனித்த டொனால்ட் கிராமரும் ஜெஃப்ரி கிரஹாமும், கூட்டத்தில் ஒன்று மேலே போனால் மற்றவையும் தொடர்ந்து போய் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குகின்றன என்று 1976இல் எழுதினார்கள். பத்து மீன் ஒரே நொடியில் தலைகாட்டினால் பறவை எதைக் குத்தும்? இதையும் இரிஞ்ஞாலக்குடை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பழகிய சிறு கூட்டத்தை விட்டுப் பழகாத பெருங்கூட்டத்துக்குப் பனையேறி போவதற்கு மூச்சும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே. ஆனால் தொட்டியில் வைத்துச் சோதிக்கக்கூடிய ஊகம். நீரின் உயிர்வளியைக் குறைத்துக்கொண்டே போய், தேர்வு மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, பனை எங்கே வந்தது?

டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர் தரங்கம்பாடியில் 1791 நவம்பரில் தான் கண்டதை எழுதியனுப்பினார். லண்டன் லின்னேயன் கழகம் 1797இல் அதை அச்சிட்டது. குளத்தங்கரையில் நின்ற பனைமரத்தின் பட்டை வெடிப்பில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீன். செவுள் மூடியின் முள்ளால் பட்டையைப் பற்றி, வாலை வளைத்து, குதத்துடுப்பின் முள்ளை ஊன்றி, மேலும் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறார். அவர் அதற்கு இட்ட பெயரும் ஏறும் மீன் என்றே பொருள்படும். அது அச்சாவதற்கு ஐந்தாண்டு முன்னால், 1792இலேயே, பெர்லினில் பிளாக் என்பவர் வேறு பெயரில் விவரித்துவிட்டதால் டால்டார்ஃப் வைத்த பெயர் நிலைக்கவில்லை. கதை நிலைத்துவிட்டது. பனையேறிக் கெண்டை கள் குடிக்க ஏறுகிறது என்பதுவரை வளர்ந்தது.

பின்னால் வந்த மீனியலாளர்கள் பனையேற்றத்தை நம்பவில்லை. காக்கையோ பருந்தோ குளத்தோரம் ஊர்ந்த மீனைக் கவ்விக்கொண்டுபோய் மரத்தில் வைத்திருக்கும், முரட்டு உயிர் ஆனதால் அது அங்கேயும் சாகாமல் நெளிந்திருக்கும் என்பதே அவர்களிடையே நிலைத்த விளக்கம். சாய்ந்து கிடக்கும் மரத்தில் கொஞ்ச தூரம் ஏறியிருக்கலாம் என்று விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. டால்டார்ஃப் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. முள்ளும் வாலும் எப்படி வேலை செய்கின்றன என்று அவர் எழுதியது அப்படியே சரி. பட்டையில் பார்த்தாலும் தரையில் பார்த்தாலும் அசைவு ஒன்றுதான்.

தரையில் நடப்பதற்குச் சாட்சி ஏராளம். எமர்சன் டென்னண்ட் இலங்கையின் உயிரினங்களைப் பற்றி 1861இல் எழுதிய நூலில், திருகோணமலை அரசாங்க அதிபராக இருந்த மாரிஸின் கடிதம் ஒன்றைத் தருகிறார். வற்றிச் சிறுத்துக் கிடந்த பெரிய ஏரியின் கரையில் அவர் நிற்கும்போது பலத்த மழை கொட்டுகிறது. ஏரியை நோக்கி வழியும் மெல்லிய நீரோட்டத்தை எதிர்த்து மீன்கள் புல்தரையில் மேட்டைப் பார்த்து ஏறுகின்றன. உடம்பை மூடும் அளவு தண்ணீர்கூட இல்லை. கூட இருந்தவர்கள் அவற்றைப் பொறுக்குகிறார்கள். ஓடையும் இல்லாத மேட்டில், ஏரியிலிருந்து பல கஜ தூரத்தில்.

நடையை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தவர்கள் ஜான் டேவன்போர்ட்டும் அப்துல் மதினும். 1990இல் வந்த கட்டுரை. ஈரத்தரையில் விட்ட பனையேறி செவுள் மூடியை அகல விரிக்கும். ஓரத்து முள் மண்ணில் பதியும். அந்தப் பிடியை ஆதாரமாகக் கொண்டு வால் பக்கவாட்டில் உதைத்துத் தள்ள, உடம்பு ஒரு முறை முன்னால் போகும். பிடி தளரும், மறுபக்கத்து முள் பதியும், மறுபடி உதை. மார்புத் துடுப்பு கவிழாமல் தாங்கிக்கொள்ளும். விலாங்கு வளைந்து வழுக்கிப் போகும், சேற்றுத்தாவி குதித்துப் போகும். இது முகத்தால் நடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. காற்றிலேயே பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும் மூச்சும் கூடவே இருப்பதால் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் தூரம் அதற்குத் தூரமில்லை.

கோட்டுகால் பக்கம் இந்த நடைக்குப் பருவம் இடவப்பாதி. ஜூன் தொடக்கத்தில் முதல் பெருமழை விழுந்து, ஏலாவில் தண்ணீர் பரந்து, வயலும் தோடும் ஒன்றாகிற இரவுகளில் மீன் ஏறும். கேரளத்தில் இந்த ஏற்றத்துக்கு ஊத்த என்று பெயர். புதுத் தண்ணீரின் வேகத்தை எதிர்த்து ஆற்றிலிருந்து தோட்டுக்கும், தோட்டிலிருந்து வயலுக்கும் முட்டையிட வரும் பல இன மீன்களில் பனையேறியும் ஒன்று. இதன் சுற்றத்தில் இருக்கும் குராமி, சண்டை மீன் இனங்களில் பலவும் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். பனையேறி கூடு கட்டாது, காவலும் நிற்காது. எண்ணெய்த் துளி கலந்த முட்டை மிதக்கும், ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். தாயும் தகப்பனும் செய்யும் ஒரே உபகாரம் சரியான இடத்தில், சரியான மழையில் முட்டையை விட்டுவிட்டுப் போவது. அப்படியானால் சரியான இடம் எது, அங்கே போகும் வழி எது என்பதை மீன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வழி தெரிவது என்றால் என்ன? மறுபடி இரிஞ்ஞாலக்குடைக்குத்தான் போக வேண்டும். கே. கே. ஷீனஜாவும் ஜான் தாமஸும் வெவ்வேறு நீர்நிலைகளில் வாழும் பனையேறிகளைப் பிடித்து, அவற்றுக்கு ஒரு பாதையைக் கற்றுக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வு. ஒரே இனம்தான். ஆனால் எளிய சூழலில் வளர்ந்ததும் சிக்கலான சூழலில் வளர்ந்ததும் ஒன்றுபோல் கற்கவில்லை. எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்பது எப்படிக் கற்கிறது என்பதில் தெரிந்தது.

இதற்கு முன்னோடியான ஓர் ஆய்வு ஸ்காட்லாந்தில் நடந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் லூசி ஓட்லிங்-ஸ்மீயும் விக்டோரியா பிரெய்த்வெய்ட்டும் முள்முதுகு மீன்களைக் குளத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் கொண்டுவந்து, கிளை பிரியும் பாதையில் இரை இருக்கும் பக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். பாதையில் அடையாளமாகச் செடிகள் இருந்தன. குளத்து மீன்கள் செடியை அடையாளமாக நம்பின. ஆற்று மீன்கள் அவ்வளவாக நம்பவில்லை. 2003இல் இதற்கு அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. குளத்தில் இன்று இருக்கும் செடி நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஆற்றில் வெள்ளம் வந்தால் செடியும் போகும், கல்லும் புரளும். நிலையில்லாத அடையாளத்தை மனதில் வைத்து என்ன பயன்? இடது, வலது என்று திரும்பின வரிசையை நினைவில் வைப்பது அங்கே மேல்.

மீனுக்கு நினைவே கிடையாது, மூன்று நொடியில் மறந்துவிடும் என்று இன்னும் சொல்லித்திரிகிறார்கள். எங்கிருந்து கிளம்பியதோ அந்தக் கதை! ஆஸ்திரேலியாவில் கல்லம் பிரவுன், நகர்ந்து வரும் வலையில் ஓர் ஓட்டை எங்கே இருக்கிறது என்று வானவில் மீன்களுக்குச் சில தடவைகளில் பழக்கிவிட்டு, பதினொரு மாதம் கழித்து மறுபடி அதே வலையை இழுத்துப் பார்த்தார். மீன்கள் மறக்கவில்லை. 2001இல் வந்த முடிவு இது. ஒரு மழைக்காலத்தில் கற்ற வழியை அடுத்த மழைக்காலம்வரை வைத்திருக்க இவ்வளவு நினைவு போதும்.

இப்போது கோட்டுகால் ஏலாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். கேரளத்தில் 1970களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் எக்டேர் நெல்வயல் இருந்தது. இன்று 2 லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. 2008இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. தெற்கே பல ஏலாக்கள் வாழைக்கும் மரச்சீனிக்கும் மாறின. சில மண்ணடித்து வீடாயின. வாழைக்காக வயலில் வரம்பு உயர்த்திச் சாலடித்தால் தண்ணீர் நிற்பதில்லை, நேரே தோட்டில் வடிந்துவிடுகிறது. தோட்டுக்கு இருபுறமும் கருங்கல் சுவர் கட்டி, அடியில் சிமெண்டு போட்டுவிட்டால் தோடு வெறும் சாக்கடைக் குழாய். பனையேறிக்குக் குளமும் மிச்சம் இருக்கலாம், தோடும் மிச்சம் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருந்த சாய்வான ஈரத்தரை போய்விட்டது. மூன்றடிச் செங்குத்துச் சுவரில் ஏறும் வித்தை, டால்டார்ஃப் சொன்னதை அப்படியே நம்பினாலும், பட்டை வெடிப்பு இல்லாத இடத்தில் செல்லாது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் பனையேறி கவலைக்கு இடமில்லாத இனம். இனத்தின் கணக்கில் அது சரி. தென்னாசியா, தென்கிழக்காசியா முழுக்க இருக்கிறது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் வங்கதேசத்திலும் பண்ணை மீனாகவே வளர்க்கிறார்கள். கேரளத்திலும் ‘அனபாஸ்’ என்று அறிவியல் பெயரையே கடைப்பெயராக்கிக் குஞ்சு விற்கிறார்கள். ஆனால் ஷீனஜாவும் தாமஸும் கண்டதை ஒப்புக்கொண்டால், மீன் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்த முடியாது. தோட்டில் வளர்ந்த மீனின் வழியறிவு வேறு, தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்த மீனின் வழியறிவு வேறு. எண்ணிக்கை குறைந்த குளத்தில் பண்ணைக் குஞ்சைக் கொண்டுவந்து கொட்டினால் தலைக்கணக்கு நிரம்பும். ஏறும் இரவு எது, எந்தப் பக்கம் வயல் என்பது அந்தக் குஞ்சுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. மீன்வளத் திட்டங்கள் எடையில் பேசுகின்றன. பழக்கத்துக்கு அவற்றில் கட்டம் கிடையாது. பனையேறி விஷயத்தில் எனக்கு இருக்கும் குறை இதுதான்.

இதே மீன் இன்னொரு ஊரில் வேண்டாத விருந்தாளி. கிழக்கே நியூகினியில் மனிதர் கொண்டுபோய் விட்ட பனையேறி பரவிப் பரவித் தென்கரைக்கு வந்து, டாரஸ் நீரிணையில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சாய்பாய், போய்கு தீவுகளின் நன்னீர்க் குட்டைகளை எட்டிவிட்டது. ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தார் அங்கே அதைக் கண்காணித்து வருகிறார்கள். பெருநிலத்துக்குள் நுழைந்தால் உள்ளூர் மீனுக்கும், இதை விழுங்கப்போய் முள் சிக்கிச் சாகும் பறவைக்கும் கேடு என்பது அவர்கள் பயம். காற்றுமூச்சு, தரைநடை, வறட்சியைத் தாங்கும் உடம்பு, புதிய கூட்டத்தோடு சட்டென்று சேர்ந்துகொள்ளும் குணம். கோட்டுகாலில் நாம் வியக்கும் ஒவ்வொன்றும் சாய்பாயில் குற்றப்பத்திரிகை.

எல்லையோரத்து ஊர்களில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த மீனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய மிச்சம் இருக்கின்றன. கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறை காரியவட்டத்தில்தான் இருக்கிறது. வெள்ளாயணியில் வேளாண் கல்லூரி காயலை ஒட்டியே நிற்கிறது. திருவிதாங்கூர் நன்னீர் மீன்களைப் பற்றி சி. சி. ஜான் 1936இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிய பட்டியல் கையில் இருக்கிறது. அது எந்த மீன் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல். எந்த மீனுக்கு என்ன தெரியும் என்று சொல்லும் பட்டியல் இனிமேல்தான் எழுத வேண்டும்.

தொடங்க ஒரு சோதனை சொல்கிறேன். கோயில் குளத்திலிருந்து கொஞ்சம் பனையேறி, சுவர் கட்டாத தோட்டிலிருந்து கொஞ்சம், சிமெண்டு போட்ட தோட்டிலிருந்து கொஞ்சம், பண்ணைக் குஞ்சு கொஞ்சம். நாலுக்கும் ஒரே கிளைப்பாதை, ஒரே இரை, ஒரே செடி அடையாளம். கற்ற பிறகு செடியை இடம் மாற்றி வைத்து, எது செடியைத் தேடிப் போகிறது, எது திரும்பின பக்கத்தை நினைவில் வைத்துப் போகிறது என்று எண்ண வேண்டும். மீன் பிடிப்பதை மட்டும் மே மாதத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மழை விழுந்து ஏற ஆரம்பித்த பிறகு முட்டை மீனை வழிமறித்துப் பிடிப்பது கேரள உள்நாட்டு மீன்பிடிச் சட்டம் 2010இன்படி குற்றம்.